கார் பைத்தியமான ஒருவர் குடும்பத்துக்காக எலக்ட்ரிக் கார் வாங்கினால், பிறகு வருத்தப்படுவாரா?

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. சாவி இப்போது என் கையில் இல்லை. எப்படிப் போனது என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

எனக்கு ஊர் வடசென்னையில் திருவொற்றியூர், காலடிப்பேட்டை. அப்பாவுக்கு எண்ணூரில் அசோக் லேலண்டில் வேலை. 1948-ல் அது அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிய காலத்தில் அங்கே பாகங்களைப் பூட்டித் தயாரித்தது லாரி இல்லை, ஆஸ்டின் கார் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். இந்தப் பக்கம் என்ஃபீல்டு தொழிற்சாலை, எம்.ஆர்.எஃப் டயர். எங்கள் தெருப் பையன்களுக்கு வண்டிச் சத்தம் தாலாட்டு மாதிரி. தெருமுனையில் திரும்பும்போதே எந்த வண்டி, சைலன்சரில் ஓட்டையா இல்லையா என்று சொல்லிவிடுவோம்.

எனக்குப் பைத்தியம் பிடித்தது சோழவரத்தில். உலகப்போர் காலத்து விமான ஓடுதளம் அது. அதில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் ரேஸ் நடத்தும். 1990-ல் இருங்காட்டுக்கோட்டை டிராக் வந்ததும் சோழவரத்தில் ரேஸ் நின்றுபோனது. அதற்கு இரண்டு மூன்று வருடம் முன்பு அப்பா என்னைச் சைக்கிள் பாரில் உட்கார வைத்துக் கூட்டிப் போனார். யார் ஜெயித்தார்கள் என்பது ஞாபகமில்லை. வாசனை ஞாபகம் இருக்கிறது. ரேஸ் பைக்குகளில் ஆமணக்கெண்ணெய் கலந்த ஆயில் ஊற்றுவார்கள். வயிறு சரியில்லை என்றால் அம்மா மூக்கைப் பிடித்து ஊற்றுவாரே, அதே விளக்கெண்ணெய், எரிந்து புகையாக வந்தால் அவ்வளவு நன்றாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

இப்படிப்பட்ட ஆள் 2009-ல் செகண்ட் ஹேண்டில் ஒரு ஃபோர்டு ஐகான் வாங்கினேன். 2001 மாடல், 1.6 ரோகாம் எஞ்சின். 'ஜோஷ் மெஷின்' என்று விளம்பரத்தில் சொன்னது பொய்யில்லை. மூன்றாவது கியரில் வைத்து மிதித்தால் அது போகிற போக்கே வேறு. ஊருக்குள் லிட்டருக்கு ஒன்பது கொடுத்தால் அதிகம். அதையெல்லாம் கணக்குப் பார்க்கிறவன் ஐகான் வாங்கமாட்டான்.

அந்த வண்டியில் என் மனைவி ஒரே ஒரு முறைதான் ஸ்டீயரிங் பிடித்தாள். 2012-ல் லைசென்ஸ் எடுத்த கையோடு, மணலி எம்.எஃப்.எல் சிக்னலில். கிளட்ச் இரும்பு மாதிரி இருக்கும். சிக்னல் விழுந்ததும் வண்டி ஆஃப் ஆனது, மறுபடி ஆஃப், மறுபடி ஆஃப். பின்னால் கண்டெய்னர் ஏற்றிய டிரெய்லர் ஒன்று ஹாரனில் கை வைத்தபடியே நின்றது. அந்த ஹாரனை வடசென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். இறங்கி வந்து சாவியை என் கையில் கொடுத்தவள், பத்து வருடம் அதைத் திரும்பக் கேட்கவில்லை. நானும் கேட்க வைக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு அது வசதியாகவே இருந்தது.

2023 மார்ச்சில் எலக்ட்ரிக் கார் வாங்கியதற்குக் காரணம் சுற்றுச்சூழல் எல்லாம் இல்லை. அவளுக்கு வேலை மாதவரத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாறியது, முட்டி வலியோடு அம்மா எங்களோடு வந்துவிட்டார், பெண்ணுக்கு டியூஷன். ஐகானுக்குப் பெட்ரோல் ஊற்றி மாளவில்லை. வாங்கியது சின்ன ஹேட்ச்பேக், பேட்டரி 24 யூனிட். எந்த கம்பெனி என்று எழுதவில்லை. எழுதினால் கமெண்டில் கம்பெனிச் சண்டைதான் நடக்கும்.

வண்டி வந்த முதல் ராத்திரி சார்ஜ் ஏறவில்லை. பிளக்கைச் செருகினால் சார்ஜர் பெட்டியில் சிவப்பு விளக்கு. தெரு எலக்ட்ரீஷியன் வந்து டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார்த்தார். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் பல்ப் மினுக் மினுக் என்றது. “எர்த்தே இல்லணா உங்க வீட்டுக்கு” என்றார். நாற்பது வருடத்துக்கு முன் தாத்தா போட்ட எர்த் பைப், கடல் காற்றில் துருப்பிடித்து மண்ணோடு மண்ணாகியிருந்தது. அத்தனை வருடம் ஃபிரிட்ஜ், கிரைண்டர், வாஷிங் மெஷின் எல்லாம் அந்த லட்சணத்தில்தான் ஓடியிருக்கின்றன. கார் மட்டும்தான் ஒத்துக்கொள்ளவில்லை. போர்ட்டிகோ ஓரமாகக் குழி வெட்டிப் புதுப் பைப் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிக் கொட்டினோம். “கடலுக்குப் பக்கத்துல உக்காந்துக்கினு உப்பு காசு குடுத்து வாங்குறோம் பாருங்க” என்று அவர் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. தனியாக 4 ஸ்கொயர் எம்.எம் ஒயர், 16 ஆம்பியர் சாக்கெட், கரண்ட் கசிந்தால் தானே வெட்டிவிடும் ஒரு ஆர்.சி.சி.பி. விளக்கு பச்சையானது. ராத்திரி பத்து மணிக்குப் போட்டால் காலையில் ஃபுல்.

இதை ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், ஷோரூமில் இதை யாரும் கேட்கவில்லை. சன்ரூஃப் வேண்டுமா என்று கேட்டார்கள்.

செலவைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாதம் 900 கிலோமீட்டர் ஓடுகிறது, யூனிட்டுக்கு எட்டு எட்டரை கிடைக்கிறது. நாங்கள் வாங்கிய 2023-ல் நம் ஊர் ஈபி கணக்கில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், ஆனால் 500-ஐத் தாண்டினால் கட்டண ஸ்லாபே மாறிவிடும். நாங்கள் 380-ல் இருந்தவர்கள், 600-ஐத் தாண்டினோம். 1,100 ரூபாய் வந்த பில் 3,000 பக்கம் வந்தது. அம்மா பில்லைப் பார்த்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். அதே ஓட்டத்துக்கு ஐகான் இரண்டு மாதத்தில் 20,000 ரூபாய்க்குப் பெட்ரோல் குடிக்கும் என்று சொன்ன பிறகுதான் கையை எடுத்தார்.

சரி, ஓட்டுவதற்கு எப்படி? மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையும் கொடுக்கும், அதனால் சிக்னலில் முதல் முப்பது மீட்டருக்கு நீங்கள்தான் ராஜா. பேட்டரி தரைக்குக் கீழே படுத்திருப்பதால் திருப்பத்தில் வண்டி அலையாது. ஸ்டீயரிங் மட்டும் செத்த பாம்பு. அந்தக் கணக்கை விடுங்கள், நான் சொல்ல வந்தது அம்மா கதை.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கும், அந்தக் கரண்ட் பேட்டரிக்குப் போகும். ரீஜென் என்பார்கள். அதை மூன்றாவது லெவலில் வைத்தால் பிரேக்கையே தொடாமல் ஓட்டலாம். எனக்குப் புது விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி. முதல் ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையம் கோயிலுக்கு அப்படியே ஓட்டிக்கொண்டு போனேன். செங்குன்றம் தாண்டுவதற்குள் பின் சீட்டில் அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்கவில்லை, பெண் ஜன்னலை இறக்கிவிட்டாள். ஐகானில் இதைவிட வேகமாகப் போயிருக்கிறோம், யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அப்புறம்தான் புரிந்தது. பெட்ரோல் வண்டியில் நான் காலை எடுக்கப் போவதை எஞ்சின் சத்தமே பின்னால் இருப்பவர்களுக்குச் சொல்லிவிடும், உடம்பு தயாராகிவிடும். இதில் சத்தமும் இல்லை, அதிர்வும் இல்லை, குடல் மட்டும் முன்னால் போகிறது. திரும்பி வரும்போது ரீஜெனை ஒன்றில் வைத்து, காலில் முட்டையை வைத்துக்கொண்டு ஓட்டுகிற மாதிரி ஓட்டினேன். அம்மா தூங்கிவிட்டார். முப்பது வருடமாக வண்டி ஓட்டுகிறேன், என் வண்டியில் அம்மா தூங்கி நான் பார்த்ததே இல்லை.

இப்போது சாவி விஷயம். வாங்கி ஒரு வாரம் இருக்கும். நான் குளித்துவிட்டு வருகிறேன், போர்ட்டிகோவில் கார் இல்லை. போன் போட்டால் பெண்தான் எடுத்தாள். “ப்பா, அம்மா ஓட்டினு இருக்காங்க, அப்புறம் பேசு.” மணலி வழியாக மாதவரம், அதே எம்.எஃப்.எல் சிக்னல், அதே டிரெய்லர்கள். கிளட்சும் கிடையாது, ஆஃப் ஆகவும் ஆகாது. சாயங்காலம் வந்து ஒன்றுமே நடக்காத மாதிரி சாவியை ஆணியில் மாட்டினாள். மறுநாள் அவளே எடுத்தாள். இப்போது சீட் அவள் உயரத்தில்தான் இருக்கிறது, நான் உட்கார்ந்தால் முட்டி டேஷ்போர்டில் இடிக்கும். டேஷ்போர்டில் திருத்த வேண்டிய பேப்பர் கட்டு, கண்ணாடிக்குக் கீழே வடிவுடையம்மன் படம், கப் வைக்கும் இடத்தில் பெண்ணின் ஹேர் கிளிப். ஐகானில் ஒரு டிஷ்யூ பேப்பர் கிடந்தாலே நான் கத்துவேன். இங்கே கத்த எனக்கு உரிமையில்லை. அவசரத்துக்கு வண்டி வேண்டும் என்றால் “ஏங்க, நாலு மணிக்கு எனக்கு வேணும், அதுக்குள்ள கொண்டாந்துடுங்க” என்று நேரம் கொடுத்து அனுப்புகிறாள்.

பெட்ரோல் கார் என்னுடைய காராக இருந்தது. இது வீட்டுக் கார், மிக்ஸி மாதிரி. பானெட்டைத் திறந்தால் பார்க்க ஒன்றுமில்லை, வைப்பர் தண்ணீர் ஊற்றலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கை கறுக்க ஒரு வேலையும் இல்லை.

வெளியூர் போவதைப் பற்றிக் கேட்பீர்கள். திருப்பதி போய் வந்திருக்கிறோம். ஒரு சார்ஜிங் இடத்தில் மெஷின் வேலை செய்யவில்லை, அடுத்த இடத்தில் எங்களுக்கு முன்னால் இரண்டு பேர். இட்லி சாப்பிட்டு முடித்து, காபி குடித்து, சண்டையும் போட்டு முடித்தோம். ஏறிவிட்டது. மாதம் ஒரு முறை மதுரை போகிறவர் என்றால் நிதானமாக யோசியுங்கள்.

வெள்ளம் பற்றியும் ஒரு வார்த்தை. பேட்டரிக்கு ஐபி67 என்பார்கள், ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று அர்த்தம். 2023 டிசம்பர் மிக்ஜாம் தண்ணீர் அரை மணி நேரத்தில் வடிகிற தண்ணீரா? புயலுக்கு முந்தின நாளே மேட்டில் இருக்கும் மச்சான் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிட்டேன். பிறகு கரண்ட் இல்லாத நாட்களில் அந்தத் தெருவே எங்கள் காரில்தான் போன் சார்ஜ் போட்டது.

“புகையில்லாத வண்டி, நீங்க நல்ல காரியம் பண்ணிட்டீங்க” என்று தென்சென்னை நண்பர்கள் சொல்லும்போதுதான் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். இந்த வண்டிக்குச் சைலன்சர் இல்லாமல் இல்லை. அத்திப்பட்டில் வானத்தைப் பார்த்து நிற்கிறது. வடசென்னை அனல் மின் நிலையம் அங்கே, பக்கத்தில் வல்லூரில் மூன்று 500 மெகாவாட் யூனிட்டுகள். எண்ணூரில் இருந்த பழைய மின் நிலையத்தை 2017-ல் மூடினார்கள், சாம்பலை மூடவில்லை. பெட்ரோல் மட்டும் என்ன, அதையும் 1969-லிருந்து மணலியில்தான் வடிக்கிறார்கள். ஊரே எதில் ஓடினாலும் புகை எங்களுக்குத்தான். நிறுத்தி வைத்த காரின் பானெட்டில் காலையில் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் இருக்கும். பெண் பள்ளிக்குக் கிளம்பும்போது அதில் விரலால் தன் பெயரை எழுதிவிட்டு ஏறுவாள். ஐகானிலும் எழுதினாள், இதிலும் எழுதுகிறாள்.

அதற்காக இரண்டும் ஒன்று என்று சொல்லமாட்டேன். மின்சாரம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. ஆடி மாதம் கன்னியாகுமரிப் பக்கம் முப்பந்தலில் காற்றாலைகள் பேயாகச் சுற்றும்போது ராத்திரி சார்ஜ் போட்டால், அதில் கொஞ்சம் ஆரல்வாய்மொழிக் காற்று என்று சொல்லிக்கொள்ளலாம். மார்கழி ராத்திரி அப்படி இல்லை, காற்றும் குறைவு, வெயிலும் கிடையாது, பெரும்பாலும் நிலக்கரிதான். பெட்ரோல் எஞ்சின் எந்த மாதத்திலும் மாறாது. சிக்னலில் வெறுமனே நின்று புகை விடுவது இதில் இல்லை, அதுவும் எங்கள் டிரெய்லர் ரோட்டில் பெரிய விஷயம்தான்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சொந்தமாக வண்டி நிறுத்த இடமும், நல்ல எர்த்தும் இருந்தால் வாங்குங்கள். டெஸ்ட் டிரைவில் உங்கள் அம்மாவைப் பின் சீட்டில் உட்கார வையுங்கள். பழைய வண்டியை முடிந்தால் விற்காதீர்கள்.

நான் விற்கவில்லை. ஐகான் பின்பக்கம் தார்ப்பாய்க்குக் கீழே நிற்கிறது. ஃபோர்டு இங்கே தயாரிப்பை நிறுத்திவிட்டதால் சாமானுக்குப் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டைதான் கதி. ஆர்.சி 2016-லும் 2021-லும் புதுப்பித்தது, 2026-ல் மறுபடி. 2024-ல் தீவுத்திடல் ராத்திரி கார் ரேஸுக்குப் பெண்ணைக் கூட்டிப் போனேன். முதலில் காதைப் பொத்திக்கொண்டாள், பத்து நிமிடத்தில் கையை எடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் தார்ப்பாயை எடுக்கும்போது டார்ச் பிடிக்க வருகிறாள். போன மாதம் இருவரும் சேர்ந்து கியர்பாக்ஸை இறக்கி கிளட்ச் மாற்றினோம். இப்போது பெடல் பஞ்சு மாதிரி இருக்கிறது.

அந்த கிளட்ச் செட் என்ன விலை என்று கமெண்டில் கேட்காதீர்கள். என் மனைவியும் இதைப் படிப்பாள்.