டாக்டரம்மாவிடம் கேளுங்கள்: கண்ணாடி மாற்றியும் கண் தெளியவில்லையா?

கேள்வி: டாக்டரம்மா, எனக்கு 43 வயது. முக்கூடலில் பீடி சுற்றுகிறேன். பொங்கலுக்கு அப்புறம் கண் ஒரு மாதிரி மங்கலாகவே இருக்கிறது. ஒருநாள் நூல் தெளிவாகத் தெரிகிறது, மறுநாள் இலையின் ஓரமே தெரியவில்லை. டவுனில் ஒரு கடையில் கண்ணாடி போட்டேன், முதல் வாரம் நன்றாக இருந்தது, அப்புறம் அதுவும் சரியில்லை. போய்ச் சண்டை போட்டு பவரை மாற்றி வாங்கினேன், இப்போது அதுவும் ஒத்துவரவில்லை. பக்கத்து வீட்டு மதினி ‘சீனியா இருக்கும், பாரு’ என்கிறார். நான் இனிப்பே தொடமாட்டேன், எங்கள் வீட்டில் யாருக்கும் சீனி கிடையாது. ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்து போக வேண்டியிருக்கிறது, அது வெயிலுக்குத் தண்ணீர் நிறையக் குடிப்பதால்தான். வேறு நல்ல கண்ணாடிக் கடை இருந்தால் சொல்லுங்களேன்.

பதில்: கடை சொல்ல மாட்டேன். மதினி சொல்வதைக் கேளுங்கள்.

போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த ராத்திரி சமாச்சாரம்தான் எனக்கு முதலில் கண்ணில் பட்டது. வெயிலுக்குக் குடிக்கிற தண்ணீர் பெரும்பாலும் வியர்த்தே போய்விடும். தூக்கத்தைக் கெடுத்து இரண்டு மூன்று தடவை எழுப்புகிறது என்றால், சர்க்கரை சிறுநீரில் இறங்கித் தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். தண்ணீர் குடிப்பதால் போகிறது என்று நீங்கள் நினைக்கிறீர்கள், போவதால்தான் தாகமே எடுக்கிறது என்றும் இருக்கலாம்.

43 வயதில் கிட்டப் பார்வை மங்குவது புதிதில்லை, வெள்ளெழுத்து நாற்பதை ஒட்டி எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் வெள்ளெழுத்து வருஷக் கணக்கில் மெதுவாக ஏறும். திங்கட்கிழமை தெரிந்து செவ்வாய்க்கிழமை தெரியாமல் போய், வியாழக்கிழமை மறுபடி தெரிவது அதன் குணமில்லை. கண்ணை நாலு தடவை சிமிட்டினால் தெளிகிறதா என்றும் பாருங்கள். தெளிந்தால் கண் காய்ந்துபோவது காரணமாக இருக்கலாம், தட்டைக் குனிந்து பார்த்தபடியே தூளோடு வேலை செய்கிறவர்களுக்கு அது சகஜம். சிமிட்டியும் தெளியாமல், நாளுக்கு நாள் மாறிக்கொண்டே இருந்தால் கண்ணாடியை விட்டுவிட்டு ரத்தத்தைப் பாருங்கள்.

ஏன் அப்படி மாறுகிறது? கண்ணுக்குள் இருக்கும் லென்ஸுக்கு ரத்தக்குழாய் கிடையாது, சுற்றியிருக்கும் நீரிலிருந்துதான் தனக்கு வேண்டிய சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் அந்த நீரிலும் ஏறும், லென்ஸுக்குள்ளும் அளவுக்கு மேல் போகும். போனதில் ஒரு பகுதி சார்பிட்டால் என்ற பொருளாக மாறிவிடுகிறது. அது சுலபத்தில் வெளியே வராமல் உள்ளேயே இருந்துகொண்டு தண்ணீரை இழுக்க, லென்ஸ் ஊதி, பவர் மாறிப்போகிறது. சர்க்கரை ஏறி இறங்க இறங்க பவரும் கூடக்குறைய ஆகும். உங்கள் கடைக்காரர் மேல் தப்பில்லை, அன்றைக்கு இருந்த பவரை அவர் சரியாகத்தான் அளந்திருப்பார்.

இனிப்பு தொடுவதில்லை என்பதை நம்பி இருந்துவிடாதீர்கள். மூன்று வேளையும் சோறு, காலையில் தட்டை மடியில் வைத்தால் பொழுது சாயும்வரை நகராத வேலை, இதுவே போதும். வீட்டில் யாருக்கும் இல்லை என்பதும் அப்படித்தான். யாரும் பரிசோதித்துப் பார்க்கவில்லை என்று அதற்குப் பல நேரம் அர்த்தம்.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு 8 மணி நேரம் தண்ணீர் தவிர எதுவும் எடுக்காமல் காலையில் ரத்தம் கொடுங்கள். 100-க்குக் கீழே என்றால் சரி, 100 முதல் 125 வரை எல்லைக்கோடு, 126-ம் அதற்கு மேலும் என்றால் சர்க்கரை நோய். தாகம், அடிக்கடி சிறுநீர் என்று இவ்வளவு அறிகுறியோடு போகிறவருக்கு எந்த நேரத்தில் எடுத்தாலும் 200-ஐத் தொட்டால் சந்தேகமே இல்லை. ஹெச்பிஏ1சி என்று ஒரு பரிசோதனை எழுதுவார்கள், இரண்டு மூன்று மாத சராசரியைக் காட்டும், 6.5-ம் அதற்கு மேலும் நோய். உங்களுக்கு ரத்தசோகை இருந்தால் சொல்லிவிடுங்கள், அந்த அளவு ஏமாற்றும். செலவுக்குப் பயப்பட வேண்டாம், ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்ப்பார்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிற பெண்கள் உங்கள் தெருவுக்கும் வருவார்கள், வரும்போது கையை நீட்டுங்கள்.

இதற்கெல்லாம் ஓரிரு நாள் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு கண்ணில் மட்டும் திடீரென்று பார்வை போனாலோ, கரும்புள்ளிகள் மழைபோல் இறங்கினாலோ, திரை இழுத்தது மாதிரி இருந்தாலோ, கண் வலித்துச் சிவந்தாலோ, அன்றைக்கே கண் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மங்கலோடு வாந்தி, மூச்சுவாங்கல், அசத்தும் தூக்கம் என்று வந்தால் கண் ஆஸ்பத்திரிகூட இல்லை, நேராக அவசரப் பிரிவு.

கேள்வி: எங்கள் வீட்டுக்காரருக்கு மூன்று வாரத்துக்கு முன் சீனி 380 என்று தெரிந்து மாத்திரை ஆரம்பித்தோம். இப்போது 150-க்கு வந்துவிட்டது. ஆனால் நன்றாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவருக்கு இப்போது எழுத்தே தெரியவில்லை. மாத்திரை கண்ணைக் கெடுக்கிறது, நிறுத்தப்போகிறேன் என்று அடம்பிடிக்கிறார். (அம்பாசமுத்திரம்)

பதில்: நிறுத்தவே கூடாது என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். வெளியே சர்க்கரை சட்டென்று இறங்கிவிட்டது, லென்ஸுக்குள் இருப்பது அத்தனை வேகத்தில் வெளியேறாது. அந்த இடைவெளியில் பவர் மறுபக்கம் சாய்ந்து, கிட்டத்தில் இருப்பது மங்கும். மருந்து வேலை செய்கிறது என்பதற்கே இது அடையாளம். பெரும்பாலும் சில வாரங்களில் தானாகச் சரியாகும். சர்க்கரை ஒரே சீராக ஒரு மாதம், ஒன்றரை மாதம் நின்ற பிறகு பவர் பாருங்கள், அதுவரை விலை கூடிய கண்ணாடி வேண்டாம். பேப்பர் படிக்காமல் அவரால் இருக்க முடியாதென்றால் மலிவாக ஒரு படிக்கிற கண்ணாடி வாங்கிக் கொடுத்து வாயை அடையுங்கள்.

ஆனால் விழித்திரைப் பரிசோதனைக்கு அப்படிக் காத்திருக்கக் கூடாது, இந்த மாதமே செய்துவிடுங்கள். 380 என்பது நேற்று வந்த சர்க்கரை இல்லை, தெரியாமலே சில வருஷம் இருந்திருக்கலாம். விழித்திரையின் சின்ன ரத்தக்குழாய்கள் கசியத் தொடங்கினாலும் ஆரம்பத்தில் பார்வை கண்ணாடி மாதிரி தெளிவாகவே இருக்கும், ஆளுக்குத் தெரியாது. லென்ஸ் ஊதியது வற்றிவிடும், விழித்திரை கெட்டால் பழையபடி ஆக்குவது கடினம். முன்னாலேயே பார்த்தால் லேசர், ஊசி என்று வைத்தியம் இருக்கிறது. பிறகு வருஷத்துக்கு ஒருமுறை. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலும் பார்க்கலாம், திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனையிலும் பார்க்கலாம். சொட்டு மருந்து ஊற்றிப் பாப்பாவை விரிப்பார்கள், சில மணி நேரம் வெளிச்சம் கூசும். பைக்கில் தனியாகப் போய்விட்டு வண்ணாரப்பேட்டை உச்சி வெயிலில் ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டாம், நீங்களும் கூடப் போங்கள், ஒரு கறுப்புக் கண்ணாடியோடு.

கேள்வி: 58 வயதாகிறது, டெய்லர். பத்து வருஷமாகக் கண்ணாடி இல்லாமல் ஊசியில் நூல் கோக்க முடியாது. இப்போது கண்ணாடியைக் கழற்றினால்தான் கோக்கிறேன்! இளமை திரும்பிவிட்டதா? (பாளையங்கோட்டை)

பதில்: அண்ணாச்சி, கொண்டாட வேண்டாம். தூரத்துப் பஸ்ஸின் போர்டு தெரிகிறதா என்று பாருங்கள். கிட்டப் பார்வை தெளிந்து தூரம் மங்கியிருந்தால், ஒன்று புரை ஆரம்பம், இல்லையென்றால் சர்க்கரை. இரண்டும் சேர்ந்தும் இருக்கும். கண்ணையும் காட்டுங்கள், ரத்தமும் கொடுங்கள்.

கேள்வி: என் அத்தைக்கு வெறும் வயிற்றில் 110. கண் மங்குகிறது என்கிறார். சீனியை நிறுத்திவிட்டுக் கருப்பட்டிக் காப்பிக்கு மாறினால் கண் தெளியுமா? (திசையன்விளை)

பதில்: பனங்காட்டு ஊரிலிருந்து இப்படிக் கேட்டால் பதில் சொல்லச் சங்கடம்தான். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சுக்ரோஸ், சீனியில் இருப்பதும் அதே. கொஞ்சம் தாது உப்புகள் கூட இருக்கும், அதற்காக ரத்தத்தில் சர்க்கரை ஏறாமல் இருக்காது. பதநீரும் இதே கணக்கில்தான் வரும்.

அப்புறம், 110-இல் லென்ஸ் இந்த அளவுக்கு ஊதுவது வழக்கமில்லை. எல்லைக்கோட்டில் நிற்கிறார், அதற்குச் சாப்பாடும் நடையும் தனியாகக் கவனியுங்கள், ஆறு மாதத்தில் ரத்தம் மறுபடி பாருங்கள். கண்ணுக்குக் காரணம் வேறாக இருக்கும், அதை முழுக்கச் சீனி தலையில் கட்டிவிட்டால் புரையோ கண் நீரழுத்தமோ தப்பிப் போய்விடும். இந்த வாரம் கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். நந்தியாவட்டைப் பூச்சாறு, தாய்ப்பால் என்று யார் சொன்னாலும் கண்ணுக்குள் எதையும் விடாதீர்கள்.