தன்னார்வ அமைப்புகளால் மாநிலத்தின் போலீஸ், சிறைக் கொள்கையை மாற்ற முடியுமா?

சமூகப் பணி படிக்கும் மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: போலீஸ், சிறை, ஜாமீன் விஷயங்களில் மாநில அரசின் போக்கைத் தன்னார்வ அமைப்புகளால் உண்மையிலேயே அசைக்க முடியுமா, இல்லை கருத்தரங்கு, மதியச் சாப்பாடு, குரூப் போட்டோவோடு சரியா?

அந்த மதியச் சாப்பாட்டை நானும் நிறையச் சாப்பிட்டவன், அதனால் ரொம்பக் குறை சொல்ல மாட்டேன். தென்மாவட்டம் ஒன்றில் விசாரணைக் கைதிகளுக்குச் சட்ட உதவி செய்யும் சின்ன அமைப்பில் ஆறு வருடம் இருந்தேன். என் பதில், முடியும் என்பதுதான். ஆனால் நாம் நினைக்கிற இடத்தில், நினைக்கிற வேகத்தில் நடக்காது.

காவல்துறையும் சிறையும் அரசியல் சாசனத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. குற்றவியல் சட்டத்தை டெல்லியில் எழுதலாம். ஆனால் கைதியை வாய்தாவுக்கு அழைத்துப் போக வழிக்காவலுக்கு ஆள் இருக்கிறதா, காவலர் எந்த நடத்தை விதிக்குக் கட்டுப்பட்டவர் என்பதெல்லாம் சென்னையில் முடிவாகிறவை. தட்ட வேண்டிய கதவு பக்கத்தில்தான் இருக்கிறது, அதற்காகச் சீக்கிரம் திறந்துவிடாது.

உங்கள் ஊர் காவல் நிலையத்தில் ஒரு பலகையைப் பார்த்திருப்பீர்கள். கைது செய்யும்போது போலீஸ் என்னென்ன செய்ய வேண்டும் என்று 11 கட்டளைகள் எழுதியிருக்கும். டி.கே. பாசு தீர்ப்பு என்பார்கள். பாசு மேற்கு வங்கத்தில் ஒரு சட்ட உதவி அமைப்பின் தலைவர். லாக்கப் சாவுகள் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்திகளை இணைத்து 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதிக்கு ஒரு கடிதம் போட்டார். அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டார்கள். தீர்ப்பு வந்தது 1996 டிசம்பரில். ஒரு கடிதத்துக்குப் பத்து வருடம்! அதன் பிறகும் 2020-இல், தந்தையும் மகனும் போலீஸ் சித்திரவதையால் இறந்த சாத்தான்குளம் நடந்தது. பலகை மாட்டுவது வேறு, அதன் கீழே உட்கார்ந்திருப்பவர் மாறுவது வேறு.

இதே போன்ற இன்னொரு கதை, தமிழ்நாட்டிலேயே நடந்தது, எனக்கு மிகவும் பிடித்தது. மதுரையிலிருந்து இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ முடிவெடுத்துச் சென்னைக்கு வந்தார்கள். பெற்றோர் 'காணவில்லை' என்று புகார் கொடுக்க, போலீஸ் தேடிக்கொண்டு வந்தது. தன்னார்வலர்கள் தங்க இடம் கொடுத்தார்கள். பெண்கள் பாதுகாப்புக் கேட்டு உயர் நீதிமன்றம் போனார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கு இந்த விஷயத்தில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளரிடம் தானே போய் உட்கார்ந்தார். 2021 ஜூன் 7 அன்று வந்த உத்தரவில், காணவில்லை என்று தேடப்படுகிறவர்கள் தன்பாலின உறவில் விரும்பி வாழும் வயது வந்தவர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு புகாரை முடித்துவிட வேண்டும், தொல்லை தரக்கூடாது என்று இருந்தது. 2022 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு சார்நிலைக் காவல் அலுவலர் நடத்தை விதிகளில் 24-சி என்று ஒரு விதியைச் சேர்த்தது: பால்புதுமையினரையும் (தன்பாலின ஈர்ப்பாளர், திருநர் போன்றவர்கள்) அவர்களுக்காக வேலை செய்கிறவர்களையும் போலீஸ் துன்புறுத்தக்கூடாது.

இதில் அமைப்புகள் செய்ததைக் கவனியுங்கள். இடம் கொடுத்தார்கள், அது எல்லோருக்கும் தெரியும். அதோடு, இந்த மக்களை மரியாதையாக அழைக்கத் தமிழில் என்ன சொற்கள் இருக்கின்றன என்று ஒரு சொற்பட்டியலைச் சமூக அமைப்புகள் தயாரித்து நீதிமன்றத்தில் கொடுத்தன. அப்படித் தொடங்கிய வேலை 2022 ஆகஸ்டில் அரசிதழில் ஒரு சொற்களஞ்சியமாக வெளிவந்தது. எஃப்.ஐ.ஆர்-இலும் செய்திக் குறிப்பிலும் ஒரு மனிதரை என்னவென்று எழுதுவது என்பதும் கொள்கைதான். வழக்கு வந்த பிறகு உட்கார்ந்து யோசித்து அந்தப் பட்டியலை யாரும் தயாரித்திருக்க முடியாது. பல வருடம் அந்தச் சொற்களோடு புழங்கியவர்கள் கையில் அது ஏற்கனவே பாதி தயாராக இருந்திருக்கும்.

நான் சொல்ல வருவது இதுதான். கதவு எப்போது திறக்கும் என்று நமக்குத் தெரியாது. திறக்கிற அன்று கையில் தாள் இருக்க வேண்டும்.

எங்கள் கையில் இருந்தது ஒரு நாற்பது பக்க நோட்டு. கிளைச் சிறைக்குப் போகும்போதெல்லாம், ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளே இருப்பவர்களின் பெயர், வழக்கு எண், ஜாமீன் உத்தரவான தேதி மூன்றையும் குறித்து வைப்போம். பெரும்பாலும் சின்னத் திருட்டு வழக்கு, வெளியூர் ஆள், வீட்டு வரி ரசீதோடு வந்து நிற்க யாரும் இல்லாதவர். விசாரணைக் கைதிகள் மீளாய்வுக் குழு என்று மாவட்ட நீதிபதி தலைமையில் ஒன்று உண்டு, கலெக்டரும் எஸ்.பி.யும் அதில் உறுப்பினர்கள். அந்த நோட்டுத் தகவலைத் தட்டச்சு செய்து கூட்டத்துக்கு முன் கொடுத்தோம். முதல் தடவை யாரும் பார்க்கவில்லை. இரண்டாம் தடவை, 'இதில் ஒரு பெயர் தப்பு' என்று திருப்பிக் கொடுத்தார்கள், தப்புதான். மூன்றாம் தடவை பட்டியலை அவர்களே கேட்டார்கள்.

2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் வெளியே வராதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதே வருடம் ஏழைக் கைதிகளுக்கு ஜாமீன் தொகை கட்ட 40,000 ரூபாய் வரை உதவும் மத்தியத் திட்டமும் வந்தது. எங்கள் நோட்டால் வந்தது என்று சொல்லவில்லை. ஆனால் நாடு முழுக்க இந்த மாதிரி நோட்டுகள் நிறைய இருந்தன.

சில சமயம் அமைப்புகூடத் தேவையில்லை. சிறை விதிகளில் சாதி எப்படிப் புகுந்திருக்கிறது என்று ஒரு செய்தியாளர் எழுதி, தானே வழக்கும் போட்டார். 2024 அக்டோபர் 3 அன்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, சிறைப் பதிவேட்டில் சாதிப் பத்தியையே எடுக்கச் சொன்னது. பாளையங்கோட்டைச் சிறையில் சாதிவாரியாகப் பிரித்து வைத்ததும் அதில் பேசப்படுகிறது. 'சண்டை வராமல் இருக்கத்தான்' என்ற நம்மூர் சமாதானத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை.

சரி, கசப்பான பகுதி. உதவி செய்கிற வரைக்கும் உள்ளே விடுவார்கள். யோகா வகுப்பு, கண் சிகிச்சை முகாம், நூலகத்துக்குப் புத்தகம் எல்லாவற்றுக்கும் அனுமதி உடனே வரும். 'போன வாரம் அந்த ஆளுக்குக் கை எப்படி உடைந்தது' என்று கேட்டால் அடுத்த வாரம் வாசலில் நிற்க வேண்டியதுதான். எங்களுக்கும் அப்படி நாலு மாதம் அனுமதி நின்றது. அப்படிக் கேட்டது சரியா, கேட்காமல் இருந்திருந்தால் அந்த நாலு மாதமும் அத்தனை பேரைப் பார்த்திருக்கலாமே என்று எங்களுக்குள்ளேயே சண்டை. இன்னும் எனக்கு விடை இல்லை.

வாசலுக்கு உள்ளேயே தங்கிவிடுவதிலும் ஆபத்து இருக்கிறது. 1993-இல் ராமநாதபுரத்தில் அப்போதைய எஸ்.பி. பிரதீப் பிலிப் தொடங்கிய 'பிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' மக்களுக்கும் போலீசுக்கும் பாலமாகத்தான் நினைக்கப்பட்டது. போகப்போகப் பல இடங்களில் அந்த இளைஞர்கள் ஸ்டேஷனின் கூடுதல் ஆட்களாக ஆனார்கள். சாத்தான்குளத்துக்குப் பிறகு அவர்கள் மீதும் புகார் எழ, 2020 ஜூலையில் அரசே தடை விதித்தது. தன்னார்வலர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் என்று ஆரம்பத்திலேயே தெளிவாக இல்லாவிட்டால் இப்படித்தான்.

நீங்கள் ஏதாவது அமைப்பில் சேர்வதாக இருந்தால், கடைசியாக எப்போது அவர்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டது என்று கேளுங்கள். ஒருமுறைகூட இல்லை என்றால் கொஞ்சம் யோசியுங்கள். அப்புறம், முதல் ஒரு மாதம் உள்ளே போக அவசரப்படாமல், மனு பார்க்க, அதாவது உள்ளே இருக்கும் உறவினரைச் சந்திக்க, வந்தவர்களோடு சிறைக்கு வெளியே இருக்கும் டீக்கடையில் உட்காருங்கள். எந்த வழக்கில் யார் எங்கே சிக்கியிருக்கிறார் என்று அங்கே தெரியுமளவு உள்ளே தெரியாது. தமிழில் வேகமாகத் தட்டச்சு வருமா? எங்கள் நோட்டுக்கு ஆள் கிடைக்காமல் தவித்தது அதற்குத்தான்.