இளவயதுப் புற்றுநோய், மரபணு டெஸ்ட்: கேள்வி பதில்

கே: அமெரிக்காவில் இருக்கிறேன், வயது 38. அக்காவுக்கு 41 வயதில் மார்பகப் புற்றுநோய். என் ரிப்போர்ட்டில், மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய பிஆர்சிஏ2 (BRCA2) மரபணுவில் ‘பொருள் தெளிவாகாத மாற்றம்’ என்று வந்திருக்கிறது. மார்பகத்தை எடுத்துவிடலாமா?

ப: அந்த ஒரு வரியை நம்பி ஆபரேஷனுக்குப் போகாதீர்கள். ஒரு மாற்றம் ஆபத்தானதா என்று சொல்ல, அதே மாற்றம் உள்ள பலரை முன்பே பார்த்திருக்க வேண்டும். சேர்ந்திருக்கும் தரவில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. அதனால்தான் தெற்காசியர், கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர் ரிப்போர்ட்டுகளில் இந்த வரி அதிகம் வருகிறது. பின்னாளில் வகை மாற்றப்படுபவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை என்றே முடிகின்றன. முதலில் அக்காவை டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். நோய் வந்தவரிடம் தேடினால்தான் பதில் கிடைக்க வாய்ப்பு அதிகம். மேமோகிராமா எம்ஆர்ஐயா என்பதைக் குடும்ப வரலாற்றை வைத்து மருத்துவர் முடிவு செய்வார்.

கே: எனக்கு, அதே நோயோடு தொடர்புடைய இன்னொரு மரபணுவான ஏடிஎம்மில் (ATM) பொருள் தெளிவாகாத மாற்றம். என்ன செய்ய?

ப: மேலே உள்ள பதில்தான்.

கே: கறுப்பினப் பெண்களுக்கு, ஹார்மோன் சிகிச்சைக்குக் கட்டுப்படாத ‘ட்ரிப்பிள் நெகட்டிவ்’ வகை மார்பகப் புற்றுநோய் அதிகமாமே. அப்போ எல்லாம் இனம்தானே?

ப: அமெரிக்காவில் வெள்ளையரைவிடச் சுமார் இரண்டு மடங்கு. ஆனால் இனம் என்பது படிவத்தில் டிக் அடிக்கிற கட்டம். கானா பெண்களிடம் இந்த வகை மிக அதிகம். எத்தியோப்பியப் பெண்களிடம் அதைவிட வெகு குறைவு. இருவருக்கும் அங்கே ஒரே கட்டம்தான்!

கே: அப்படியென்றால் மரபணு ஆராய்ச்சியே வீண். சிலருக்குப் பாதிப்பு அதிகமாக இருப்பதற்கு மருத்துவ வசதி இல்லாததுதான் காரணம்.

ப: சரி, இந்தப் பக்கமும் சாயக் கூடாது. 8ஆவது குரோமோசோமின் 8கியூ24 பகுதியில், புராஸ்டேட் புற்றுநோயோடு தொடர்புடைய, ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் அதிகம் காணப்படும் மாற்றங்கள் கிடைத்திருக்கின்றன. ஐரோப்பியரை மட்டும் தேடியிருந்தால் அவற்றில் சில தப்பியிருக்கும். அதே சமயம், நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பதை எந்த மரபணுவும் சரிசெய்யாது. இரண்டும் உண்மை. இதற்கு மேல் இந்த வாக்குவாதம் வேண்டாம்.

கே: வீட்டிலேயே எச்சில் எடுத்து அனுப்பும் டெஸ்ட்டில் ‘பிஆர்சிஏ மாற்றம் இல்லை’ என்று வந்தது. நிம்மதிதானே?

ப: எத்தனை மாற்றங்களைத் தேடினார்கள் என்று பாருங்கள். 2018இல் அமெரிக்கா முதலில் அனுமதித்த அப்படியொரு டெஸ்ட், மூன்றை மட்டுமே தேடியது. அவை அஷ்கெனாசி யூதர்களிடம் (மத்திய, கிழக்கு ஐரோப்பிய வம்சாவளி யூதர்கள்) அதிகம் காணப்படுபவை. மற்றவர்கள் அந்த ‘இல்லை’யை வைத்து நிம்மதி அடைய முடியாது.

கே: பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனையை எந்த வயதில் தொடங்க வேண்டும்?

ப: அமெரிக்காவில் 2021 முதல் 45. பெற்றோர், உடன்பிறந்தோருக்கு வந்திருந்தால் 40இலோ, அவர்களுக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்போ, எது முந்துகிறதோ அப்போது.

கே: டெஸ்ட் எடுத்தால் இன்சூரன்ஸ் பாதிக்குமா?

ப: மரபணுத் தகவலை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் 2008ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் மருத்துவக் காப்பீட்டுக்கும் வேலைக்கும் பாதுகாப்பு தருகிறது. ஆயுள் காப்பீடு அதில் வராது. பாலிசி எடுப்பதாக இருந்தால், டெஸ்ட்டுக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.