நம்ம ஆளு இருந்தா சரியாகிடுமா?

கேள்வி: சட்டம் நல்லாத்தான் இருக்கு, பாலிசி எல்லாம் பேப்பர்ல பிரமாதமா இருக்கு, கமிஷன் மேல கமிஷன் போடுறாங்க, ஆனா எங்க வீட்டுக் குழாய்ல மட்டும் தண்ணி வரமாட்டேங்குது. சிங்கப்பூரைப் பாருங்க, நம்ம தமிழங்க மந்திரியா உட்கார்ந்திருக்காங்க, ஊரு எப்படி இருக்கு! இங்கயும் நம்ம ஆளுங்க கையில பொறுப்பு இருந்த காலத்துல இவ்வளவு ஊழலா இருந்துச்சு? நம்ம மாதிரி நாடுகள்ல எதுவும் நடைமுறைக்கு வராததுக்குக் காரணம் உட்கார்ந்திருக்கிற ஆளுங்கதானே?
– ஒரு வாசகர், வெருலம், தென்னாப்பிரிக்கா

பதில்: அண்ணே, உங்க கடிதத்துல கடைசி வரி ஒண்ணை மட்டும் மேல போடல, அதுக்கு அப்புறமா வர்றேன்.

முதல்ல சிங்கப்பூர். உதாரணம் நல்ல உதாரணம்தான், ஆனா நீங்க நினைச்ச காரணத்துக்கு இல்ல. அங்க மந்திரியா இருந்த ஈஸ்வரன் நம்ம தமிழர்தான், 2024 அக்டோபர்ல அவருக்கு 12 மாசம் ஜெயில். என்ன வாங்கினாருன்னா தொழிலதிபர்கள்கிட்ட இருந்து எஃப்1 ரேஸ் டிக்கெட், விஸ்கி, ஒரு சைக்கிள், இப்படி. நம்ம ஊர்ல இதுக்குப் பேரு தீபாவளி பரிசு, யாரும் திரும்பிக்கூட பார்க்கமாட்டாங்க. அங்க தமிழர் மந்திரியா உட்கார்ந்ததால ஊரு நல்லா இல்லண்ணே, தப்புன்னு வந்தா மந்திரியையும் கூட்டிட்டுப் போய் விசாரிக்க ஒரு அமைப்பு 1952ல இருந்து இருக்கு, அதை இதுவரைக்கும் யாரும் இழுத்து மூடல.

அடுத்து "நம்ம ஆளுங்க காலம்". உங்க வயசுக்கு உங்களுக்கு ஞாபகம் இருக்கணும், இல்ல மறந்த மாதிரி இருக்கீங்க. 1984ல மூணு சபை பார்லிமெண்ட்னு ஒண்ணு கொண்டு வந்து, கறுப்பின மக்களுக்கு ஓட்டே இல்லாம, இந்தியர்களுக்கு மட்டும் ஹவுஸ் ஆஃப் டெலிகேட்ஸ்னு ஒரு சபை கொடுத்தாங்களே, நம்ம ஜனங்கள்ல பெரும்பாலானவங்க அந்த எலெக்‌ஷனுக்கே போகல. போகாட்டி என்ன, நம்ம ஸ்கூல், நம்ம வீடு, நம்ம நிலம் எல்லாம் நம்ம ஆளுங்க கையிலதான் போச்சு. அந்தச் சபைக்குத் தலைவர் அமிச்சந்த் ராஜ்பன்சி. நாலு வருஷம் தாண்டல, அந்தச் சபை மேலயே புகார் கிளம்பி ஜேம்ஸ் கமிஷன் போட்டாங்க, அவர் பதவி போச்சு, ரிப்போர்ட்ல அவரைப் பத்தி எழுதினதைப் படிச்சா இன்னைக்கும் கூச்சமா இருக்கும். அதுக்கப்புறமும் சாட்ஸ்வொர்த்ல நாமதான் அவருக்கு ஓட்டுப் போட்டோம், 2011ல அவர் சாகிற வரைக்கும் அரசியல்லதான் இருந்தாரு. டைகர்னு செல்லப் பேரு வேற.

இந்தியர்னு கொஞ்சம் அகலமா பிடிச்சா குப்தா சகோதரர்களும் வந்துடுவாங்க, இந்தியாவுல சஹாரன்பூர்க்காரங்க, அப்போ ஜனாதிபதியா இருந்த ஜூமாவுக்கு நெருக்கமான வியாபாரிங்க, 2013ல கல்யாணத்துக்கு வந்த விருந்தாளிங்களை வாட்டர்க்ளூஃப் ராணுவ ஏர்போர்ட்ல கொண்டாந்து இறக்கினவங்க. ஜனாதிபதி ஒரு இனம், அவரைப் பிடிச்சவங்க இன்னொரு இனம், காசு போன வழி ஒண்ணுதான்.

சரி, ஆளு இல்லன்னா வேற என்னன்னு கேப்பீங்க. எங்க தெருமுனையில நடந்ததைச் சொல்றேன், எந்த ஊரு எந்த ஆபீஸுன்னு எழுதப் போறதில்ல.

மெயின் பைப்புல ஒரு ஓட்டை, அஞ்சு வாரமா ஓடுது. மேட்டுல இருக்கிற வீடுங்களுக்கு பிரஷரே இல்ல, கீழ ரோட்டோரமா புல்லு மட்டும் பச்சைப் பசேல்னு வளர்ந்து நிக்குது. கம்ப்ளெயிண்ட் போட்டோம், ரெஃபரன்ஸ் நம்பர் வந்துச்சு, நாலாவது நாள் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது"ன்னு எஸ்எம்எஸ்ஸும் வந்துச்சு. ஓட்டை பக்கத்துல நின்னுக்கிட்டுத்தான் அந்த எஸ்எம்எஸ்ஸைப் படிச்சேன், செருப்பு நனைஞ்சு போச்சு. தினம் காலையில ஆறு மணிக்கு ஒரு பிரைவேட் டேங்கர் வருது, கவர்மெண்ட் காசுல இலவசத் தண்ணி. பக்கத்து வீட்டு ஆயாவுக்கு எழுபது தாண்டிடுச்சு, ரெண்டு பக்கெட்டோட நிக்கிறாங்க. டிரைவரு மேட்டு ரோட்டுக்கு வண்டி ஏறாதுங்கிறான். கூல்ட்ரிங்க் காசு கொடுத்தா ஏறுது. யாரு வீட்ல பெரிய ஜோஜோ டேங்க் இருக்கோ அங்க நேரா பைப்பைப் போட்டு ரொப்பிட்டு போறான், ஆயா பக்கெட்டைத் தூக்கிட்டு திரும்பி வருது.

இதுல பாலிசி எங்க தோத்துச்சு சொல்லுங்க. தண்ணி அடிப்படை உரிமைன்னு அரசியல் சட்டத்துலயே எழுதி வச்சிருக்கான். பைப்பு உடைஞ்சா டேங்கர் அனுப்பணும்ங்கிறது கருணையான ஏற்பாடுதான், 2022 ஏப்ரல் வெள்ளத்துல டர்பன் பக்கத்துல டோங்காட் ஊரு தண்ணி சுத்திகரிப்பு நிலையம் அடிச்சுட்டு போனப்போ மாசக்கணக்கா அந்த ஊரு டேங்கரை நம்பித்தான் இருந்துச்சு. ஆனா கணக்கு போட்டுப் பாருங்க, பைப்பை ரிப்பேர் பண்ணா ஒரு தடவைதான் பில்லு. பைப்பு ஓட்டையாவே இருந்தா தினம் பில்லு. ஓட்டைதான்ணே வருமானம். அந்த ஓட்டையை அடைக்கிறவன் யாரோ ஒருத்தன் பொழைப்புல மண்ணைப் போடுறான்னு அர்த்தம். டர்பன் முனிசிபாலிட்டி குழாய்ல விடுற தண்ணியில பாதிக்கு மேல காசா திரும்பி வரல, கசிவு, திருட்டு கனெக்‌ஷன், பில்லே போடாதது எல்லாம் சேர்த்து.

2017ல இன்னொரு விதி வந்துச்சு. 30 மில்லியன் ராண்டுக்கு மேல போற அரசு கான்ட்ராக்ட்ல, முடிஞ்ச இடத்துல எல்லாம், குறைஞ்சது 30 சதவீத வேலையை இதுநாள் வரைக்கும் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்தவங்களோட சின்ன கம்பெனிகளுக்கு சப்-கான்ட்ராக்டா கொடுக்கணும்னு. என்னைக் கேட்டா இதை விட நியாயமான விதி கிடையாது, மூணு தலைமுறையா மண்வெட்டி பிடிச்சவன் ஒரு நாள் முதலாளி ஆகட்டுமே. என்ன நடந்துச்சு? துப்பாக்கியோட பத்து பேரு பக்கில, அதாவது பிக்கப் வண்டியில, வந்து சைட்ல இறங்கி, "எங்க 30 சதவீதம் எங்க"ன்னு கேட்டான், தரலன்னா வேலை நிக்கும். டர்பன்ல ஆரம்பிச்சது நாடு பூரா பரவிடுச்சு, கன்ஸ்ட்ரக்‌ஷன் மாஃபியான்னு இப்ப மந்திரிங்களே பேரு சொல்றாங்க. 2023ல நடைமுறைக்கு வந்த புது விதியில அந்த 30 சதவீதமே இல்ல, பக்கில வர்றவங்களுக்கு அந்த கெஜட்டை யாரும் கொண்டு போய் காட்டல போல. நிஜமா சின்ன கம்பெனி வச்சிருந்தவன் அன்னைக்கும் ரோட்டோரம்தான் நின்னான், இன்னைக்கும் அங்கதான் நிக்கிறான்.

டோங்காட் மால் ஞாபகம் இருக்கா, 2013 நவம்பர்? பிளான் அப்ரூவல் கிடையாது, வேலையை நிறுத்தச் சொல்லி கோர்ட் ஆர்டர் இருந்துச்சு, அப்பவும் கான்கிரீட் ஊத்தினாங்க, சரிஞ்சு விழுந்து ரெண்டு பேரு செத்தாங்க. சட்டம், கோர்ட், பேப்பர் எல்லாமே இருந்துச்சு, சைட்ல போய் நின்னு லாரியை மறிக்கத்தான் ஒரு ஆளு இல்ல.

அந்த ஒரு ஆளு. நான் சொல்ல வந்தது அவரைப் பத்தித்தான். மந்திரி இல்ல, கமிஷன் ஜட்ஜு இல்ல, நடுவுல பில்லுல கையெழுத்து போடுற, இல்ல போடமாட்டேன்னு சொல்ற ஆபீஸரு. நாடு முன்னேறுதா இல்லையாங்கிறது அந்த மேஜையிலதான் இருக்கு, அந்த மேஜைக்கு நாம என்ன பாதுகாப்பு கொடுத்திருக்கோம்?

பபிதா தேவ்கரன். கௌடெங் மாகாண சுகாதாரத் துறையில கணக்குப் பார்த்தவங்க. டெம்பிசா ஆஸ்பத்திரி பில்லுங்கள்ல ஏதோ சரியில்லன்னு கண்டுபிடிச்சு, 850 மில்லியன் ராண்ட் அளவுக்கு பேமெண்டை நிறுத்துங்க, விசாரிங்கன்னு மேலதிகாரிக்கு எழுதினாங்க. சில வாரத்துல, 2021 ஆகஸ்ட் 23 காலையில, மகளை ஸ்கூல்ல விட்டுட்டு வந்து வீட்டு வாசல்ல காரை நிறுத்தினப்போ சுட்டுக் கொன்னுட்டாங்க. ரெண்டு வருஷம் கழிச்சு ஆறு பேருக்கு தண்டனை கிடைச்சுது, எல்லாம் கூலிக்கு வந்தவனுங்க, கூலி கொடுத்தவன் அந்த கேஸ்ல இல்ல. 2025ல சிறப்பு புலனாய்வுப் பிரிவு வந்து, அந்த ஒரு ஆஸ்பத்திரியில இருந்து மட்டும் 2 பில்லியன் ராண்டுக்கு மேல போயிருக்குன்னு சொல்லிச்சு. அந்தம்மா சொன்னது கம்மிதான். இப்ப அதே மாதிரி இன்னொரு மேஜையில உட்கார்ந்திருக்கிற ஒரு பொம்பளை, அடுத்த பில்லு வரும்போது என்ன பண்ணும், சொல்லுங்க. துப்பு கொடுக்கிறவங்களைக் காப்பாத்த 2000த்துலயே சட்டம் இருக்கு, வேலையை விட்டுத் தூக்கினா கேஸ் போடலாம். துப்பாக்கிக்கு அதுல என்ன பதில் இருக்கு?

சிங்கப்பூர்க்காரன் மாதிரி கடிக்கிற நாய் நம்மகிட்டயும் ஒண்ணு இருந்துச்சுண்ணே, ஸ்கார்பியன்ஸ்னு ஊழலைப் பிடிக்கிற விசேஷ பிரிவு. பெரிய தலைங்களைத் தொட ஆரம்பிச்சாங்க, 2009க்குள்ள கலைச்சுட்டாங்க, ஹாக்ஸ்னு வேற ஒண்ணு வச்சாங்க, அதுக்குப் போதுமான சுதந்திரம் இல்லன்னு 2011ல அரசியல் சட்ட நீதிமன்றமே சொல்லிச்சு. அப்புறம் குப்தாங்க விவகாரத்தை விசாரிக்க நீதிபதி சோண்டோ தலைமையில சோண்டோ கமிஷன், 300க்கு மேல சாட்சிங்க, ஏறக்குறைய ஒரு பில்லியன் ராண்ட் செலவு, 2022 ஜூன்ல கடைசி பாகம் வந்துச்சு. அடுத்த வருஷம் அதே சோண்டோ மேடையேறி, இன்னொரு குப்தா குடும்பம் வந்தாலும் இந்தப் பார்லிமெண்டால தடுக்க முடியாதுங்கிற மாதிரி பேசினாரு. குப்தாங்களை அனுப்புங்கன்னு கேட்டதுக்கு துபாய்க்காரன் முடியாதுன்னுட்டான்.

257 முனிசிபாலிட்டி இருக்கு, 2022-23 கணக்குல ஆடிட்டர் ஜெனரல் சுத்தம்னு சொன்னது 34. அந்த 34லயும் யாரோ சில பேரு கையெழுத்து போடமாட்டேன்னு உட்கார்ந்திருக்காங்க, அவங்க என்ன இனம்னு எனக்குத் தெரியாது, பார்க்கவும் இல்ல.

இப்ப அந்தக் கடைசி வரிக்கு வர்றேன். "வாட்டர் ஆபீஸ்ல நம்ம தமிழ் ஆளு யாராச்சும் தெரிஞ்சா நம்பர் அனுப்புங்க, எங்க ரோட்டை முன்னாடி பார்க்கச் சொல்லலாம், வெறுங்கையா விடமாட்டோம்"னு எழுதியிருந்தீங்க. ஒருத்தர் இருக்காரு. தமிழர்தான், தங்கமான மனுஷன், தைப்பூசத்துக்கு வருஷா வருஷம் காவடி எடுக்கிறவரு. நம்பர் தரமாட்டேன், அந்த மேஜையில அவரு நிம்மதியா உட்காரட்டும். உங்க கம்ப்ளெயிண்ட் ரெஃபரன்ஸ் நம்பர், போட்ட தேதி, "தீர்க்கப்பட்டது"ன்னு எஸ்எம்எஸ் வந்த தேதி, இந்த மூணை மட்டும் எழுதி அனுப்புங்க. எங்க தெருவோடதும் இருக்கு, மத்த வாசகருங்களும் அனுப்பினா அடுத்த இதழ்ல ஒரு பக்கம் ஒதுக்கி வரிசையா போட்டுடுறேன், ஆபீஸுக்கும் ஒரு காப்பி போகும்.