பக்கத்தில் பறப்பது: ஒரு கடிதமும் பதிலும்

ஐயா,

2024 அக்டோபரில் மெரினாவில் விமானப்படையின் சாகசக் குழுவான சூரியகிரண் விமானங்கள் ஒட்டினாற்போலப் பறந்ததைப் பார்த்ததிலிருந்து என் மகனுக்கு அதே நினைப்பு. அவன் விமானி லைசென்ஸ் வாங்கி ஓராண்டு ஆகிறது. அவனும் நண்பனும் ஆளுக்கொரு செஸ்னா 172 குட்டி விமானத்தில் ஏற்காட்டுக்கு மேலே அருகருகே பறந்து படம் எடுக்கப் போகிறார்களாம். "ரெண்டு பேருக்கும் நல்லா ஓட்டத் தெரியும், அப்புறம் என்னம்மா?" என்கிறான். அவனுக்கு என்ன பதில் சொல்வது?

ஒரு தாய், அஸ்தம்பட்டி, சேலம்

வணக்கம் அம்மா,

வேண்டாம் என்று சொல்லுங்கள். வெறுமனே 'ஆபத்து' என்றால் அவன் காதில் ஏறாது, காரணமும் வேண்டும்.

தனியாகப் பறப்பவன் நாலாபக்கமும் பார்க்கப் பழகியவன். ஃபார்மேஷனில், அதாவது அருகருகே கூட்டாகப் பறக்கும்போது, முன்னால் வழிநடத்துபவர் லீடர், அவரை ஒட்டிப் பறப்பவர் நம்பர் டூ. நம்பர் டூவாகப் பறக்கிறவர் அந்தப் பழக்கத்தையே விட்டுவிட வேண்டும். லீடரின் விமானத்தைவிட்டு அவர் கண் நகரக் கூடாது. லீடரின் இறக்கை நுனி விளக்கும் மூக்கின் மேல் ஓர் இடமும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும் என்று தரையிலேயே பேசி வைத்துக்கொள்வார்கள். விளக்கு மூக்குப் பக்கம் நகர்ந்தால் பின்தங்குகிறோம், வால் பக்கம் நகர்ந்தால் முந்துகிறோம். உடனே த்ராட்டிலை (என்ஜின் பவரைக் கூட்டிக் குறைக்கும் பிடியை) நூலளவு நகர்த்த வேண்டும், இடத்துக்கு வந்து சேரும் முன்பே திருப்பிக் கொஞ்சம் எடுத்துவிட வேண்டும். வந்த பிறகு எடுத்தால் தாண்டிப் போய்விடும். இடைவெளி 10 மீட்டர், வேகம் 5 நாட் (மணிக்குச் சுமார் 9 கி.மீ.) கூடுதல் என்றால் மோதுவதற்கு நான்கு விநாடிகூட இருக்காது. செஸ்னாவுக்கு ஆகாயத்தில் பிரேக் கிடையாது.

அப்படியானால் மலையை யார் பார்ப்பது? லீடர் மட்டும்தான். 1982 ஜனவரியில் அமெரிக்காவின் நெவாடாவில் அந்நாட்டு விமானப்படையின் சாகசக் குழுவான தண்டர்பேர்ட்ஸின் நான்கு டி-38 விமானங்கள் பக்கம்பக்கமாக லூப் (செங்குத்து வட்டம்) போட்டு இறங்கின. லீடரின் விமானக் கட்டுப்பாட்டில் கோளாறு. மற்ற மூவரும் அவரையே பார்த்தபடி தரையில் மோதினார்கள். தேர்ந்த விமானிகள், ஒழுங்கில் குறையே இல்லை. சேலம் சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1500 மீட்டரில். சேர்வராயன் சரிவு சுவர்போல எழும் இடத்தில், சித்திரை வெயிலில் காற்று குதிக்கும் நேரத்தில், ஓராண்டு அனுபவமுள்ள லீடரை நம்பிக் கண்ணை அவர்மேல் ஒட்டிவைக்க உங்கள் மகன் தயாரா என்று கேளுங்கள்.

செஸ்னாவுக்கு இறக்கை மேலே. நம்பர் டூ சற்றே தாழ்ந்தாலே லீடர் அவர் இறக்கைக்குப் பின்னால் மறைந்துவிடுவார். லீடர் நம்பர் டூவுக்கு எதிர்ப்பக்கம் திரும்பும்போதும் அதே கதிதான். அவரோடு சேர்ந்து சரிகிற நம்பர் டூவின் இறக்கையே பார்வையை மறைக்கும். திருப்பத்தில் உள்பக்கம் இருப்பவருக்கு வேகம் குறைய வேண்டியிருக்கும், ஸ்டாலை, அதாவது இறக்கை தூக்கும் திறனை இழக்கும் நிலையை, நெருங்குவார். வெளிப்பக்கம் இருப்பவருக்குக் கூடுதல் பவர் தேவை, அதனால்தான் லீடர் ஒருபோதும் முழு பவரில் பறப்பதில்லை.

அடுத்தது படம் எடுக்கும் ஆசை. 1966 ஜூன் 8 அன்று கலிஃபோர்னியாவில் ஐந்து விமானங்கள் சேர்ந்து பறந்ததும் விளம்பரப் படத்துக்காகத்தான். எஃப்-104 போர் விமானம் ஒன்று எக்ஸ்பி-70 என்ற பெரிய குண்டுவீச்சு விமானத்தின் இறக்கை நுனிக் காற்றுச் சுழலில் சிக்கிப் புரண்டு அதன்மீதே மோதியது. எஃப்-104ஐ ஓட்டியவர் எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தில் பறந்த ஜோ வாக்கர். அனுபவம் போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

விமானிகள் முன்கூட்டியே பேசி ஒப்புக்கொள்ளாமல் கூட்டாகப் பறக்கக் கூடாது என்பது சர்வதேச விதி. பேச்சு என்றால் டீக்கடையில் 'சரி மச்சான்' சொல்வதல்ல. யார் லீடர், எந்த அலைவரிசை, எந்த உயரம், எவ்வளவு எரிபொருள் மிஞ்சியதும் திரும்புவது, ஒருவர் என்ஜின் நின்றால் மற்றவர் என்ன செய்வார், எல்லாம் அதில் வரும். எல்லாவற்றையும்விட முக்கியம், லீடர் பார்வையில் இல்லாமல் போனால் என்ன செய்வது என்பது. அந்த நொடியே அவர் இருந்த பக்கத்துக்கு எதிராக விலகி, ரேடியோவில் சொல்லி, முன்பே பேசிய வேறு உயரத்துக்குப் போய்விட வேண்டும். 'இங்கேதான் இருப்பான்' என்று தேடக் கூடாது.

ஆசை விடாது என்றால், ஃபார்மேஷன் சொல்லித்தரத் தெரிந்த பயிற்சியாளரோடு, சமவெளிக்கு மேலே, காலைக் காற்றில், தாராள இடைவெளியில் தொடங்கட்டும்.

படம் மட்டும்தான் வேண்டுமென்றால் 172-இல் நான்கு இருக்கைகள் இருக்கின்றன. ஒருவன் ஓட்டட்டும், மற்றவன் கேமராவைப் பிடிக்கட்டும். நீங்களும் பின்னால் உட்கார்ந்து ஏற்காடு ஏரியைப் பார்த்துவிட்டு வரலாம்.