வெறும் சோளம்

அன்புள்ள ஐயா,

நான் அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் மேற்குப் பகுதியில், இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஒரு ஊரில் வளர்ந்தவன். அப்பா டாக்டர். டாக்டர்கள் வரத் தயங்கும் ஊரில் மூன்று ஆண்டு வேலை பார்த்தால் விசா நிபந்தனையிலிருந்து விலக்கு கிடைக்கும் என்று வந்தவர், பதினாறு ஆண்டுகளாக இங்கேயே இருக்கிறார். சிகாகோவில் கல்லூரி இரண்டாம் ஆண்டு முடிந்து கோடை விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தேன். நண்பர்கள் நியூயார்க்கிலும் சியாட்டிலிலும் பயிற்சிப் பணியில் இருக்கிறார்கள். எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

இங்கே இருப்பது வெறும் சோளம். வெறும் வானம். வளைவே இல்லாத வெறும் சாலை. ஜூலையில் மூன்று வாரம் சோளப் பூ பிடுங்கும் மடத்தனமான வேலைக்குப் போனேன். மற்ற நேரமெல்லாம் மாடியறையில் உங்களை வாசிக்கிறேன். ‘சாப்பிட்டாயா’ என்பதைத் தவிர அம்மா எதையும் கேட்பதில்லை. கடைக்குப் போனால் இன்னமும் ‘உனக்கு எந்த ஊர்’ என்று கேட்கிறார்கள். உங்கள் கதைகளில் வருவது போல ஊர் என்று ஒன்று எனக்கு இல்லை. எழுத வேண்டும் என்று ஆசை. எழுத ஒன்றுமே இல்லாத இடத்தில் வளர்ந்தவன் எதை எழுதுவது? வாசிக்க ஒரு பட்டியலாவது தாருங்கள். என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பிக்கு,

கடிதத்தைச் சுருக்கி வெளியிட்டிருக்கிறேன். முதலில் உங்கள் தமிழைச் சொல்ல வேண்டும். மூன்று இடத்தில்தான் ஒற்றுப்பிழை. சென்னையிலிருந்து வரும் கடிதங்களில் வரிக்கு மூன்று பார்க்கிறேன். அம்மா சமையலறை மேஜையில் உட்கார வைத்துக் கற்றுக்கொடுத்தார் என்று எழுதியிருந்தீர்கள். அவரைப் பற்றிய புகாரை நான் வாசிக்கவில்லை என்று வைத்துக்கொள்கிறேன்.

பட்டியல் தர மாட்டேன். ஏற்கெனவே வேண்டிய அளவுக்கு மேல் வாசித்திருக்கிறீர்கள். பயிற்சிப் பணி கிடைக்காதது பற்றிப் பேச நான் ஆள் இல்லை. கடையில் கேட்கும் கேள்வி வலிக்கும், தெரியும். அதற்கு ஒரு பத்தியில் ஆறுதல் சொன்னால் அது பொய்யாக இருக்கும் என்பதால் விட்டுவிடுகிறேன்.

என்னைக் கோபப்படுத்தியது ‘வெறும்’. முழுக் கடிதத்தில் அந்தச் சொல் பதினொரு முறை வருகிறது. பென்சிலை வைத்துக்கொண்டு எண்ணினேன். இன்னொன்று, அது சோளமே இல்லை. மக்காச்சோளம். சோளம் உங்கள் பாட்டியின் தலைமுறை இடித்துச் சோறாக்கித் தின்ற தானியம். அதற்குக் கதிர் உச்சியில் வரும். உங்கள் வீட்டைச் சுற்றி நிற்கும் பயிரில் உச்சியில் வருவது ஆண் பூ, கதிர் இடுப்பில். மூன்று வாரம் அந்த ஆண் பூவைப் பிடுங்கியவருக்கு நான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது!

இந்தக் கடிதத்துக்கு உடனே பதில் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உண்டு. இரண்டு ஆண்டுக்கு முன்பு ஜூலை மாதம் நான்கு வாரம் நான் அயோவாவில் இருந்தேன், என் அக்காள் மகள் வீட்டில். எனக்கு விடியற்காலை விழிப்பு வந்துவிடும். நடக்கப் போவேன். ஐந்தரை மணிக்கு ஒரு தேவாலய வாசலில் மஞ்சள் நிறப் பள்ளிப் பஸ் நிற்கும். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள், உங்களைப் போலக் கல்லூரிப் பிள்ளைகள் சிலர். எல்லோரும் கறுப்புக் குப்பைப் பையில் தலைக்கு ஒரு ஓட்டை, கைகளுக்கு இரண்டு ஓட்டை போட்டுச் சட்டை மாதிரி மாட்டியிருப்பார்கள். பனி அப்படி. ஆள் உயரப் பயிருக்குள் நுழைந்தால் பத்தே அடியில் தொப்பலாக நனைந்துவிடும். பத்து மணிக்கு அதே பயிருக்குள் காற்று அசையாது, புழுங்கித் தள்ளும். நல்ல கோடை நாளில் ஒரு ஏக்கர் மக்காச்சோளம் 11,000 லிட்டருக்கு மேல் தண்ணீரை ஆவியாக மேலே விடுகிறது. பயிர் வியர்க்கிறது என்றே அந்த ஊரில் சொல்கிறார்கள். ‘வெறும் வானம்’ என்று நீங்கள் எழுதியதற்குள் அவ்வளவு தண்ணீர் இருக்கிறது.

ஒரு நாள் அனுமதி வாங்கி வரப்பில் நின்று பார்த்தேன். இலைக்குள் சுருண்டிருக்கும் பூவை உச்சியில் பிடித்து நேராக மேலே இழுத்தால் ‘கீச்’ என்று ஒரு சத்தத்தோடு உருவிக்கொண்டு வரும். ஒரு பெண் இரண்டு கையாலும் இரண்டு பக்க வரிசையிலும் உருவிக்கொண்டே நடந்தாள், நிற்கவே இல்லை. முழங்கையில் இலை விளிம்பு கீறிய சிவப்புக் கோடுகள். ஊருக்குத் திரும்பியதிலிருந்து அதைப் பற்றி ஒரு கட்டுரை எழுத முயன்று தோற்றுக்கொண்டிருக்கிறேன். வரப்பில் நின்றவனால் அவ்வளவுதான் முடியும். வயலுக்குள் மூன்று வாரம் நடந்த நீங்கள் அதற்கு ஒற்றை வரி, அதிலும் ‘மடத்தனமான’.

அந்த மடத்தனம் என்ன என்று பார்ப்போம். ஒரே வயலில் ஒரு ரகத்தை நான்கு வரிசை, இன்னொரு ரகத்தை ஒரு வரிசை என்று மாற்றி மாற்றி விதைக்கிறார்கள். நான்கு வரிசையிலும் மகரந்தம் கொட்டும் முன்பே ஆண் பூவை எடுத்துவிட வேண்டும். அப்போதுதான் அந்தச் செடிகளின் கதிருக்கு ஐந்தாம் வரிசையின் மகரந்தம் மட்டும் வந்து சேரும். இப்படி இரண்டு ரகம் சேர்ந்து வருவதுதான் ஒட்டு விதை. கதிர் நுனியில் தொங்கும் குஞ்சத்தில் ஒவ்வொரு இழையும் உள்ளே ஒரு மணிக்குப் போகிறது. நீங்கள் தவறவிட்ட ஒரு பூ போதும், சுற்றியுள்ள கதிர்களில் ஒட்டு விதையோடு தன் விதையும் கலந்துவிடும். இந்த ஒட்டு விதையை விற்க அயோவாவில் 1926இல் ஒரு நிறுவனத்தைத் தொடங்கியவர் ஹென்றி வாலஸ். பிறகு அந்த நாட்டுக்கே துணைக் குடியரசுத் தலைவரானார்.

இயந்திரம் இல்லையா என்பீர்கள். இருக்கிறது. பெரும்பகுதியை அது எடுத்துவிடும், அது விட்டுப்போனதற்குத்தான் நீங்கள். அதற்கும் முன்னால், இந்த வேலையே வேண்டாம் என்று ஒரு வழி கண்டுபிடித்தார்கள். டெக்சாஸில் கிடைத்த ஒரு மக்காச்சோள வகையில் ஆண் பூ மலடு. அந்தத் தன்மையைத் தாய் வழியாகப் பெரும்பாலான ரகங்களுக்கும் ஏற்றினார்கள். பூ பிடுங்க ஆள் வேண்டாம், கூலி மிச்சம். 1970 வந்தபோது அமெரிக்க மக்காச்சோளத்தில் 85 விழுக்காட்டில் அந்த ஒரே தன்மை. அந்த ஆண்டு இலைக்கருகல் நோய் வந்தது. பூவை மலடாக்கிய அதே தன்மைதான் அந்தப் பூஞ்சைக்கும் கதவைத் திறந்து விட்டிருந்தது. நாட்டின் விளைச்சலில் ஏறக்குறைய 15 விழுக்காடு போயிற்று. அடுத்து என்ன செய்தார்கள் தெரியுமா? பஸ்ஸைப் பிடித்துப் பிள்ளைகளைத் திரும்ப வயலுக்குக் கூட்டி வந்தார்கள். நீங்கள் ஏறிய பஸ் அந்த வழியில் வந்ததுதான்.

சாலை பற்றியும் ஒரு வார்த்தை. 1785ஆம் ஆண்டின் நிலச் சட்டத்தின்படி மைலுக்கு மைல் கட்டம் போட்டு அளந்த நிலம் அது. ஆனால் உருண்டையின் மேல் சதுரக் கட்டம் உட்காராது. வடக்கே போகப் போகத் தீர்க்கரேகைகள் நெருங்கும். அதனால் அளந்தவர்கள் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை கோட்டைத் திருத்திக்கொண்டார்கள். அந்த இடத்தில் நேராக வந்த சாலை சட்டென்று பக்கவாட்டில் ஒடிந்து மறுபடி நேராகும். அந்தத் திருத்தத்தையே பெயராகக் கொண்ட ஊர் ஒன்று உங்கள் மேற்கு அயோவாவில் இருக்கிறது, கரெக்‌ஷன்வில். பூமி உருண்டை என்பதைக் கார் ஓட்டித் தெரிந்துகொள்ளக்கூடிய ஊரிலிருந்து வளைவே இல்லை என்று எழுதுகிறீர்கள்.

உங்கள் கேள்வி வேறு என்று தெரிகிறது. இருந்தாலும் என் கதையையும் கேளுங்கள்.

ஆத்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். நான் சென்னையில் படித்த காலத்தில் அங்கே வீரிய ஒட்டுப் பருத்தியை விதைக்காகப் போட்டார்கள். நவம்பர்த் தேர்வு முடிந்து நான் ஊருக்கு வரும்போது அம்மா தினமும் சாயங்காலம் பருத்திக் காட்டுக்குப் போவாள், மறுநாள் வெயில் ஏறியதும் மறுபடியும். ‘பூ வேலை’ என்பாள். நான் திண்ணையில் ரஷ்ய நாவலோடு கிடப்பேன். அந்த ஆண்டு நாட்குறிப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. ‘இந்த ஊரில் எதுவும் நடப்பதில்லை’ என்று எழுதி, அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன்.

அது என்ன வேலை என்று எனக்குத் தெரியும்போது வயது முப்பத்தைந்து. ஒரு தாவரவியல் புத்தகத்தைப் புரட்டியபோது தெரிந்தது. நாளை விரியப்போகும் மொட்டை இன்று சாயங்காலமே பிரித்து, சூல்தண்டில் நகம் படாமல் இதழோடு மகரந்தக் குழலை அகற்ற வேண்டும். மறுநாள் காலை வேறு ரகத்தின் பூவைக் கொண்டுவந்து அதன்மேல் தடவ வேண்டும். ஒவ்வொரு பூவுக்கும், ஒவ்வொரு நாளும். அடுத்த முறை ஊருக்குப் போனபோது எப்படிச் செய்வாய் என்று கேட்டேன். ‘அதெல்லாம் யாருக்கு நினைவிருக்கிறது’ என்றாள். வேலியோரம் செம்பருத்தி நின்றது. பருத்திக்கு ஒன்றுவிட்ட தங்கை முறை. ஒரு மொட்டைப் பறித்து அவள் கையில் கொடுத்தேன். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே, மொட்டைப் பார்க்காமலே, கட்டைவிரல் நகத்தை அதன் அடியில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினாள். இதழும் மகரந்தக் குழலும் உறை கழல்வது போல மொத்தமாகக் கழன்று வந்தன. நடுவே மெல்லிய சூல்தண்டு மட்டும், ஒரு கீறல் இல்லாமல். ‘செம்பருத்திக்கு எதற்கு இதெல்லாம்’ என்று தூர எறிந்துவிட்டாள்.

அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க எனக்கு மூன்று விடுமுறைகள் இருந்தன.

சிகாகோவுக்குப் போங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு முன்னால் ஒரு வேலை. மகரந்தம் சேர்ந்து முடிந்ததும் ஆண் வரிசைகளை வெட்டிச் சாய்த்துவிடுவார்கள், அவற்றின் கதிர் விதையோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக. நீங்கள் நடந்த வயலில் அதைச் செய்துவிட்டார்களா? வெட்டிய தட்டை அங்கேயே மட்குகிறதா, யாராவது மாட்டுக்கு எடுத்துப்போகிறார்களா? நான் அதற்குள் விமானம் ஏறிவிட்டதால் பார்க்கவில்லை. போய்ப் பார்த்து எழுதுங்கள்.

அன்புடன்.