சுங்கை சிப்புட்டில் பாலின அடையாளம் பற்றிய சொற்போர்: எது கருத்து, எது துன்புறுத்தல்?

கேள்வி: விடுமுறைக்கு வந்திருக்கும் பல்கலைக்கழக மாணவர்கள் எங்கள் தோட்டப்புற ஊரில் இந்தத் தலைப்பில் சொற்போர் நடத்தப் போகிறார்கள். படிவம் 4, 5 பிள்ளைகளும் வருவார்கள். எங்கே கோடு போடுவது?

பதில்:

தாராளமாக நடத்துங்கள். முதலில் தலைப்பைத் திருத்துங்கள். "திருநங்கையர் பெண்களா?" என்று வைத்தால், மண்டபத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு பிள்ளையே விவாதப் பொருளாகிவிடும். "பல்கலைக்கழக விடுதி அறைகளை அடையாள அட்டையிலுள்ள பாலினப்படியே ஒதுக்க வேண்டும்" என்று வையுங்கள். பெண்களின் அந்தரங்கம், திருநம்பி மாணவர் எங்கே தங்குவார், நிர்வாகம் என்ன செய்யலாம் என்று எல்லாவற்றையும் காரசாரமாகப் பேசலாம். எந்த அணிக்கு எந்தப் பக்கம் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்து, அதை அவையில் அறிவித்துவிடுங்கள். பேச்சாளர் மேடையில் சொன்னதை வைத்து மறுநாள் யாரும் அவரைக் கோயிலிலோ கடையிலோ மடக்கக் கூடாது.

பிறவிப் பாலினம் மாறாது என்பது ஒரு கருத்து. அடையாளத்தை மதிக்காத விதி பாரபட்சமானது என்பதும் கருத்துதான். இரண்டையும் அனுமதியுங்கள். எழுந்து கேள்வி கேட்பவரிடம் "ஆப்பரேஷன் செய்தாச்சா?" என்பதும், வேண்டுமென்றே பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதும், மாற்றுக்கருத்து சொன்ன மாணவியைப் பெயர் போட்டு ஒதுக்கச் சொல்வதும் ஆளைக் குறிவைப்பவை. பிரிட்டனில் ஜோ ஃபீனிக்ஸ் என்ற பேராசிரியரின் வழக்கு இதற்கு நல்ல பாடம். பிறவிப் பாலினம் மாறாது என்ற அவருடைய கருத்துக்காகச் சக ஊழியர்கள் அவர் அங்கம் வகித்த ஆய்வுக்குழுவுக்கு எதிராகத் திறந்த மடல் வெளியிட்டார்கள். அது துன்புறுத்தல் என்றும், அவர் வேலை பார்த்த ஓப்பன் யுனிவர்சிட்டி அவரைப் பாதுகாக்கத் தவறியது என்றும் 2024 ஜனவரியில் தொழிலாளர் தீர்ப்பாயம் சொன்னது. அதனால் உங்கள் விதி இரு தரப்புக்கும் ஒன்றாக இருக்கட்டும். அதை எழுதி, ஒரு வாரத்துக்கு முன்பே அணிகளிடம் கொடுங்கள்.

நம் மலேசியாவில் 2022ஆம் ஆண்டின் பாலியல் தொல்லைக்கு எதிரான சட்டம், சட்டம் 840, இருக்கிறது. உடலைப் பற்றிய ஆபாசக் கேலி வாய்வார்த்தையாக இருந்தாலும் அதன் கீழ் வரலாம். அந்தச் சட்டத்தின் கீழுள்ள தீர்ப்பாயம் 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு விதிக்க முடியும். 2025இல் தண்டனைச் சட்டத்திலும் பகடிவதைக்கு எதிரான பிரிவுகள் சேர்ந்தன.

சிக்கல் பெரும்பாலும் மேடையில் வருவதில்லை, வாட்சாப்பில் வருகிறது. ஒரு மணி நேரப் பேச்சிலிருந்து வெட்டிய இருபது விநாடித் துண்டு அன்றிரவே ஊர் முழுக்கப் போய்விடும். பதிவு செய்ய ஏற்பாட்டாளர் ஒருவர் மட்டும் போதும். அவரும் மேடையை மட்டும் எடுக்கட்டும், அவையை வேண்டாம். முஸ்லிம் திருநங்கை ஒருவர் வந்திருந்தால், மாநில ஷரியா சட்டங்களால் ஒரு படமே அவருக்கு வழக்காகலாம்.

கேள்விகளை ஒரே அளவுத் துண்டுக் காகிதத்தில், பெயரில்லாமல் வாங்குங்கள். தலைவர் மட்டும் படிக்கட்டும், சீட்டை யாரிடமும் காட்ட வேண்டாம். சின்ன ஊரில் கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். "எங்க லயத்துல ஒரு பையன்..." என்று தொடங்கும் கேள்வியைப் படிக்காமல் ஒதுக்குங்கள். பெயர் இல்லாவிட்டாலும் யாரென்று எல்லாருக்கும் தெரியும்.

பதினெட்டு வயதாகாத பிள்ளை ஒன்று நிகழ்ச்சி முடிந்ததும் தன்னைப் பற்றி உங்களிடம் மனம் திறந்தால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உடனே பெற்றோரிடம் ஓடவும் வேண்டாம். அடி உதை வாங்குவதற்கும், வீட்டைவிட்டு விரட்டப்படுவதற்கும் அதுவே காரணமாகிவிடலாம். வீட்டில் பயம் இருக்கிறதா, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். "ஆமாம்" என்றால் அன்றே பள்ளி ஆலோசக ஆசிரியரையோ 15999 தாலியான் காசே உதவித் தொலைபேசியையோ அழையுங்கள். அழைக்கப் போவதைப் பிள்ளையிடம் முதலில் சொல்லிவிட்டு அழையுங்கள்.

புகார் வாங்க இருவரை நியமியுங்கள், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். இருவரும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. நேரம், சொன்ன வார்த்தை, சாட்சி மூன்றையும் அன்றே எழுதி வையுங்கள். பிள்ளைகளை வேனில் ஏற்றி, ஒவ்வொருவரும் வீடு சேர்ந்த செய்தி வந்த பிறகு மண்டபத்தைப் பூட்டுங்கள்.